சிவப்பு எரியும்போதே வண்டி கிளம்பியது: ஒற்றைப் பாதையில் இது சரியா?

ஆத்தூர் பாசஞ்சர் | ஞாயிறு, இரவு 9.40

இன்று மாலை ஆத்தூரிலிருந்து சேலம் வந்த பாசஞ்சரில் நடந்தது. வாழப்பாடி தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் லூப்பில், அதாவது ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதையில், போட்டுவிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து எதிரே ஒரு கூட்ஸ் வந்து போனது. சரி, கிராசிங் முடிந்தது, கிளம்பிவிடும் என்று பார்த்தால் மேலும் பத்து நிமிடம். தண்ணீர் பிடிக்க இறங்கினேன். ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் அவர் ஃபோனில் "நாற்பத்தேழு, நாலு ஏழு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ லாட்டரி நம்பர் போல.

திரும்பி முதல் பெட்டி வாசலில் நின்றேன். நீலச் சட்டைக்காரர் ஒருவர் கையில் காகிதத்தோடு ஓட்டமும் நடையுமாக வந்து எஞ்சினில் கொடுத்தார். டிரைவர் அதை ஒருமுறை படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார், அவரும் படித்தார். ஹார்ன் அடித்துக் கிளம்பினார்கள். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் இருந்த சிக்னல் மஞ்சள். பரவாயில்லை. அதற்கும் தள்ளி இன்னொரு சிக்னல் இருக்கிறது, அது பளிச்சென்று சிவப்பு. வண்டி நிற்கவே இல்லை, தாண்டிப் போய்விட்டது.

வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். போட்டுவிடலாமா? இருப்பது ஒரே தண்டவாளம். எதிரே இன்னொன்று வந்திருந்தால்?

முள்ளுவாடி கேட் | 9.52

அந்த லைனில் வண்டி கிளம்பியதே பெரிய விஷயம். கேட்டில் நின்று நின்றே காலேஜை முடித்தவன் சொல்கிறேன்.

மேக்னசைட் | 10.05

கண்டிப்பாகப் போடுங்கள். 2023-இல் பாலசோர், 2024-இல் கவரைப்பேட்டை. இன்னும் காகிதத்தில் எழுதிக் கொடுத்து ரயில் ஓட்டுகிறார்கள் என்றால் எந்த நூற்றாண்டில் இருக்கிறோம்? என் பைக் எங்கே நிற்கிறது என்று ஃபோனில் தெரிகிறது. ரயில் எங்கே நிற்கிறது என்று தெரியாதா?

பழைய டோக்கன் | 10.48

ஆத்தூர் பாசஞ்சர் தம்பி, வீடியோவைப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், நீங்களும் அந்த ஸ்டேஷன் பெயரைப் போடாதீர்கள். அங்கே இன்று டியூட்டியில் இருந்தவர் தவறு எதுவும் செய்யவில்லை என்றுதான் நீங்கள் சொன்னதிலிருந்து தெரிகிறது.

நீங்கள் பார்த்த சிவப்பு அந்த ஸ்டேஷனின் கடைசி சிக்னல். அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர் என்போம். அதைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் வரை உள்ள பாதை, அதாவது பிளாக் செக்‌ஷன். அந்த சிக்னல் இங்கே இருப்பவர் கையில் மட்டும் இல்லை. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் "வரட்டும்" என்று தன் பிளாக் கருவியில் சம்மதம் கொடுத்தால்தான் இங்கே பச்சை விழும். ஒரு சம்மதத்துக்கு ஒரு வண்டி. அந்தச் சம்மதம் கொடுக்கப்பட்டிருக்கும்வரை எதிர் ஸ்டேஷனின் கடைசி சிக்னல் சிவப்பிலேயே பூட்டிக் கிடக்கும். அவர் தலைகீழாக நின்றாலும் பச்சை வராது. இந்தக் கருவிகள் நம் போத்தனூர் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்யப்பட்டவை.

இன்று அந்தக் கருவி கெட்டிருக்க வேண்டும். கருவி கெட்டால் சம்மதத்தை ஃபோனில் வாங்கி, காகிதத்தில் எழுதி டிரைவரிடம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பேப்பர் லைன் கிளியர் டிக்கெட். படிவ எண், ஒரு திசையில் போகும் அப் வண்டிக்கு டி/சி 1425, எதிர்த்திசையில் போகும் டவுன் வண்டிக்கு டி/டி 1425. கையில் அந்தச் சீட்டு இருந்தால் கடைசி சிக்னலைச் சிவப்பிலேயே கடக்கலாம். சீட்டுதான் அப்போது சிக்னல்.

நாற்பத்தேழு லாட்டரி நம்பர் இல்லை. பிரைவேட் நம்பர். ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரிடமும் இரண்டு இலக்க எண்கள் தாறுமாறாக அச்சிட்ட ஒரு தாள் இருக்கும். சம்மதம் கொடுப்பவர் தன் தாளில் அடுத்திருக்கும் எண்ணைச் சொல்லி அதை அடித்துவிடுவார். வாங்குபவர் அதைத் திருப்பிச் சொல்லி, சீட்டில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவார். "ம்ம், சரி, விடுங்க" என்ற பேச்சுக்கு அங்கே மதிப்பு கிடையாது. எண் வந்தால்தான் சம்மதம். நீங்கள் கேட்டது அந்தத் திருப்பிச் சொல்லும் குரல்.

ஆத்தூர் பாசஞ்சர் | 10.57

ஐயா, நன்றி. வீடியோவைப் போடவில்லை. ஆனால் பயம் முழுசாகப் போகவில்லை. ஃபோனில் சொல்வதை நம்பி முன்னூறு பேரை அனுப்புவதா?

பழைய டோக்கன் | 11.10

பயம் இருக்கட்டும். அந்தச் சீட்டை எழுதும்போது எங்களுக்கும் இருக்கும்.

மேக்னசைட்டுக்கு ஒரு திருத்தம். நீங்கள் சொன்ன இரண்டு விபத்தும் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வந்து மோதியவை இல்லை. இரண்டிலும் மெயின் லைனில் போக வேண்டிய வண்டி லூப்பில் புகுந்து, அங்கே நின்ற கூட்ஸில் மோதியது. ஒற்றைப் பாதைக்கு உதாரணம் வேண்டுமானால் பஞ்சாப் முகேரியன், 2004 டிசம்பர் 14. ஜம்மு தாவி–அகமதாபாத் எக்ஸ்பிரஸையும் உள்ளூர் டி.எம்.யூ. வண்டியையும் இரண்டு பக்கமிருந்தும் ஒரே செக்‌ஷனுக்குள் அனுப்பிவிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றும் தகவல் தொடர்பில்தான் கோளாறு. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபத்து குறைவு. அது கெட்டு, வேலை மனிதன் வாய்க்கு மாறுகிற அந்த ஒரு மணி நேரம்தான் கத்தி மேல் நடப்பது.

லூப்லைன் | திங்கள், காலை 6.15

வெளிநாட்டிலும் இதே கதைதான். இத்தாலியில் ஆந்த்ரியா–கொராத்தோ, 2016 ஜூலை: ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஃபோனில் கேட்டு ஓட்டிய ஒற்றைப் பாதை, 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனியில் பாட் ஐப்லிங், 12 பேர். அங்கே நவீன சிக்னல்தான். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் மொபைலில் கேம் விளையாடிக்கொண்டிருந்தார், கவனம் சிதறி இரண்டு பக்கமும் அனுமதி கொடுத்துவிட்டார். மேக்னசைட் அண்ணே, மொபைல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றீர்களே.

மேக்னசைட் | 7.30

நான் சொன்னது ஜி.பி.எஸ். கேம் இல்லை. இரண்டு எஞ்சினிலும் ஜி.பி.எஸ். வைத்து, ஒரே லைனில் எதிரெதிரே வந்தால் பிரேக் பிடிக்கச் செய்வது பெரிய வித்தையா?

சேர்வராயன் | 8.05

ரயிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் ஏற்காட்டுக்காரன், எங்கள் மலைக்கு ரயிலே கிடையாது. ஆனால் ஒற்றைப் பாதை தெரியும். 2024 டிசம்பர் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். அதற்கப்புறம் ஒரு வளைவில் பாதி ரோடுதான் மிச்சம். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று மாற்றி மாற்றி விட்டார்கள். நடுவில் வளைவு, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. செல்ஃபோனுக்கு டவர் இல்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே இருந்தவர் ஒரு சில்வர் ஓக் கிளையை ஒடித்து, கடைசியாக விடுகிற வண்டிக்காரர் கையில் கொடுத்தார். அந்தக் கிளை கீழே வந்து சேர்ந்தால்தான் கீழே இருப்பவர் தன் பக்கத்தை விடுவார். மறுபடி அதே கிளை மேலே போகும். அரை நாள் நன்றாக ஓடியது. அப்புறம் கிளை வைத்திருந்த வேனுக்குப் பின்னாலேயே ஒரு பைக்கில் இரண்டு பையன்கள் நுழைந்துவிட்டார்கள். கீழே கிளை வந்து சேர்ந்தது, லாரியை விட்டார்கள், வளைவில் லாரியும் பைக்கும் நேருக்கு நேர். பைக் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து மண் மூட்டையில் முட்டி நின்றது. அடி ஒன்றும் இல்லை, லாரிக்காரர் திட்டியதுதான் மலையெல்லாம் கேட்டது.

பழைய டோக்கன் | 9.20

சேர்வராயன், பிரமாதம். ரயில்வேயில் அந்தக் கிளைக்குப் பெயர்தான் டோக்கன்.

மீட்டர் கேஜ் காலத்தில் இரும்புப் பந்து இருந்தது. நீல்ஸ் பால் டோக்கன். ஆரஞ்சுப் பழ அளவு, மேலே இரண்டு ஸ்டேஷன் பெயரும் பொறித்திருக்கும். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கருவி, இரண்டும் கம்பியால் இணைந்திருக்கும். ஒரு பந்து வெளியே இருந்தால் இரண்டு கருவியிலிருந்தும் அடுத்த பந்து வராது. பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற எஞ்சினுக்கு நீட்டுவோம். ஃபயர்மேன் கையை வளையத்துக்குள் விட்டு வாங்குவார். பழைய வளையத்தை எங்களை நோக்கி வீசுவார்.

ஒரு மழை ராத்திரி. வீசிய வளையம் பிளாட்பாரத்தில் விழாமல் கரையில் உருண்டு பக்கத்து மரவள்ளிக் காட்டுக்குள் போய்விட்டது. வந்த வண்டி முழுசாக வந்துவிட்டது, என் கண்ணாலேயே பார்த்தேன். எதிர்ப்பக்கம் போக வேண்டிய வண்டி லூப்பில் காத்திருக்கிறது. பாதை காலி என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பந்தைக் கருவிக்குள் போடாமல் அடுத்த பந்து வராது. நானும் பாயிண்ட்ஸ்மேனும் மரவள்ளிக் காட்டில் டார்ச் அடித்துக்கொண்டு தேடினோம். இடுப்பளவு செடி, காலெல்லாம் சேறு. தோட்டத்துக்காரர் அரிக்கேன் விளக்கோடு வந்தார், கிழங்கு திருட வந்தவர்கள் என்று நினைத்து முதலில் ஒரு பாட்டு வாங்கினோம். முக்கால் மணி நேரம் கழித்து அவர்தான் கண்டுபிடித்தார். பாசஞ்சர் வண்டியில் இருந்தவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

இப்போது மேக்னசைட்டுக்கு வருகிறேன். சேர்வராயன் சொன்ன பைக்தான் உங்கள் ஜி.பி.எஸ்-க்குப் பதில். எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதை ஜி.பி.எஸ். சொல்லும். பாதியில் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் விட்டுப்போய் நடு செக்‌ஷனில் நிற்கிற நாலு வேகனை எது சொல்லும்? எங்களுக்கு எஞ்சின் வந்ததைவிட வால் வந்ததுதான் முக்கியம். கடைசிப் பெட்டியில் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள்) என்ற பலகை தொங்கும், ராத்திரி சிவப்பு விளக்கு. அதைப் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்தது என்று அர்த்தம். இப்போது பல இடங்களில் ஆக்ஸில் கவுண்டர் இருக்கிறது. உள்ளே எத்தனை அச்சு போனது, வெளியே எத்தனை வந்தது என்று எண்ணி, கணக்கு சரியானால்தான் பாதையை விடுவிக்கும்.

மேக்னசைட் | 9.41

சரி, வால் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவச் என்ற மோதல் தடுப்புக் கருவி வந்தால் நேர் மோதல் நிற்கும்தானே?

லூப்லைன் | 9.50

நிற்கும், பாதையிலும் இரண்டு எஞ்சினிலும் கவச் இருந்தால். தென் மத்திய ரயில்வேயில்தான் முதலில் போட்டார்கள். சிவப்பைத் தாண்டப் போனால் தானாகவே பிரேக் பிடிக்கும். நல்ல விஷயம், வரட்டும். வரும் வரைக்கும் நாற்பத்தேழுதான்.

அம்மாபேட்டை | 11.30

2019-இல் மதுரை பக்கம் நடந்ததை யாரும் சொல்லவில்லையே? மே மாதம், திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே. சிக்னல் கோளாறு, ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குள் பேச்சில் குழப்பம், இரண்டு பாசஞ்சர் ஒரே பாதையில். நல்லவேளை, மோதுவதற்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதமே தெற்கு ரயில்வேயில் ஒரு சுற்றறிக்கை: கண்ட்ரோல் அறையும் ஸ்டேஷன் மாஸ்டரும் இந்தி அல்லது ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும், வட்டார மொழி கூடாது. தமிழ்நாடே கொதித்தது, திரும்பப் பெற்றார்கள். தமிழ் தெரியாதவரை இங்கே போட்டுவிட்டு, தமிழ் பேசாதே என்பது என்ன நியாயம்?

முள்ளுவாடி கேட் | 11.34

வந்துவிட்டது மொழிப் பிரச்சினை. பாப்கார்ன் எங்கே?

நெறியாளர் | 11.50

மொழி அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ரயில் மட்டும். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

பழைய டோக்கன் | மதியம் 1.15

நெறியாளர் மன்னிக்க வேண்டும், இது ரயில் விஷயமும்தான். எந்த மொழியாக இருந்தாலும் இரண்டு முனையில் இருப்பவருக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் புரிகிற மொழியாக இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு, கரகரவென்ற லைனில், "போயிடுச்சு" என்பதும் "போகட்டுமா" என்பதும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் எண்ணையும் வண்டி நம்பரையும் திருப்பிச் சொல்ல வைக்கிறார்கள். திருப்பிச் சொல்லாமல் ஃபோனை வைப்பவர் எந்த மொழியில் பேசினாலும் ஆபத்துதான். அவருக்குப் புரியாத மொழியில் பேசச் சொல்வது அதைவிட ஆபத்து.

பேச்சே வேண்டாம் என்றுதான் முன்பு மணி வைத்தார்கள். பிளாக் கருவியில் ஒரு மணி என்றால் கூப்பிடுகிறேன், இரண்டு என்றால் லைன் கிளியர் உண்டா, மூன்று என்றால் வண்டி கிளம்பிப் பாதைக்குள் நுழைந்துவிட்டது, நான்கு என்றால் வண்டி வந்து சேர்ந்தது. ஆறு மணி என்றால் ஆபத்து, நிறுத்து. வீட்டு காலிங் பெல்லை பேரன் விளையாட்டாக ஆறு தடவை அழுத்தினால் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

லூப்லைன் | 1.40

கருவி இருந்தும் தவறு நடந்த கதை ஒன்று. வேல்ஸில் அபர்மூல், 1921 ஜனவரி. நம் பந்து மாதிரி அங்கே வட்டத் தகடு. அந்த முறையே 1874-இல் இங்கிலாந்தில் தார்ப் என்ற இடத்தில் தந்திச் செய்தி குழம்பி இரண்டு ரயில் மோதி 25 பேர் இறந்த பிறகு, எட்வர்டு டையர் கண்டுபிடித்தது. அபர்மூலில் கருவி சரியாகவே இருந்தது. வந்து சேர்ந்த வண்டியின் தகட்டை வாங்கிய பையன் இன்னொருவரிடம் கொடுத்தான். அவர் அதை அடுத்த செக்‌ஷனுக்கான தகடு என்று நினைத்து அதே டிரைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். டிரைவர் அதில் எழுதியிருந்த ஸ்டேஷன் பெயரைப் பார்க்கவில்லை. எதிரே எக்ஸ்பிரஸ். 17 பேர்.

ஆத்தூர் பாசஞ்சர் | 2.05

அதனால்தான் அந்த இரண்டு பேரும் காகிதத்தைப் படித்தார்களா? எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது, இன்னும் என்ன படிப்பு என்று.

பழைய டோக்கன் | 2.20

ஆமாம். எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன், எந்த வண்டி, பிரைவேட் நம்பர், முத்திரை, முழுக் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார்.

தொப்பூர் கணவாய் | மாலை 5.10

என் சந்தேகம் வேறு. ஓமலூர்–தர்மபுரி லைன் எங்கள் பக்கம் மலையோரமாகப் போகிறது. 2021 நவம்பரில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே பாறை உருண்டு கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மாதிரி மழையில் எல்லா ஃபோனும் அறுந்துவிட்டால்? நம்பர் சொல்லக்கூட வழியில்லையே?

பழைய டோக்கன் | இரவு 7.30

நல்ல கேள்வி. முதலில் ஒன்று கெட்டால் இன்னொன்று என்று வரிசை இருக்கிறது. பிளாக் கருவி, அதோடு இணைந்த ஃபோன், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஃபோன், மற்ற நிலையான ஃபோன்கள், கண்ட்ரோல் ஃபோன், கடைசியாக வாக்கி டாக்கி. பயணிகள் வண்டி ஓடும் பாதையில் வாக்கி டாக்கியை மட்டும் நம்பி அனுப்பக் கூடாது.

எல்லாமே போய்விட்டால் டி/பி 602 என்ற படிவம். தொடர்பைத் திறக்க ஒரு எஞ்சினை அனுப்புவது. டிரைவரிடம் சீட்டு. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு "என் வண்டிக்கு வழி உண்டா, உன் வண்டி ஏதாவது இருக்கிறதா" என்று எழுதிய செய்தி. பகலில் பார்வை தெளிவாக இருந்தால் மணிக்கு 15 கிலோமீட்டர், ராத்திரியோ பார்வை மறைந்தாலோ 10. கிட்டத்தட்ட ஆள் ஓடுகிற வேகம். எதிர் ஸ்டேஷனும் அதே நேரம் தன் எஞ்சினை அனுப்பியிருக்கலாம் என்பதால்தான் அந்த வேகம்.

நடுவில் இரண்டும் சந்தித்துவிட்டால்? அதற்கும் விதி இருக்கிறது. எட்ட நின்று, இறங்கி, நடந்து வந்து பேச வேண்டும். எந்த ஸ்டேஷன் கிட்டத்தில் இருக்கிறது, ஏற்றம் எந்தப் பக்கம் என்று பார்த்து ஒரு பக்கம் முடிவு செய்து, இரண்டு வண்டியும் அந்தப் பக்கமே போக வேண்டும். என் சர்வீஸில் அதை நேரில் பார்த்ததில்லை. ஆனால் பரீட்சையில் தவறாமல் கேட்பார்கள்.

லோகூர் | 8.15

எங்கள் பக்கம் இரட்டைப் பாதை, அதனால் தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன். போன வருஷம் ஒருநாள் வண்டி வலது பக்கப் பாதையில் போனது. எதிர்த்திசையில் போவது போல ஒரே பதற்றம்.

பழைய டோக்கன் | 8.40

ஒரு பாதை அடைபட்டால் இரட்டைப் பாதையும் தற்காலிகமாக ஒற்றைப் பாதைதான். அதற்கு டி/டி 602 என்ற படிவம். முதல் வண்டி 25 கிலோமீட்டரில் போகும். வழியில் ஒவ்வொரு கேட் கீப்பரிடமும் கேங்மேனிடமும் நிறுத்தி, இனி எதிர்ப்பக்கமிருந்தும் வண்டி வரும் என்று சொல்லிக்கொண்டே போகும். அடுத்தடுத்த வண்டிகள் வழக்கமான வேகத்தில் போகலாம். தவறான திசையில் வருகிற வண்டிக்கு சிக்னல்கள் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று, ஆள் வந்து அழைத்துப் போன பிறகே உள்ளே வரும். உங்கள் வண்டி வெளியில் நின்றிருக்குமே?

லோகூர் | 8.44

நின்றது! இருபது நிமிடம். ஒருவர் கொடியோடு நடந்து வந்தார். நாங்கள் டீ விற்கிறவர் என்று நினைத்தோம்.

ஆத்தூர் பாசஞ்சர் | வியாழன், இரவு 9.15

இன்று மறுபடி அதே வண்டி, அதே லூப். கூட்ஸ் கடந்தபோது எல்லோரும் எஞ்சினைப் பார்த்தார்கள், நான் வாலைப் பார்த்தேன். எல்.வி. பலகை இருந்தது. எதிரே பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டரும் கொடியோடு நின்று, தலையைத் திருப்பி அதையேதான் பார்த்தார். இந்த முறை கடைசி சிக்னலும் பச்சையாகவே விழுந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் டம்ளர் இரண்டை வைத்து முழுதும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் கண்ணு பஸ்ல வான்னு சொன்னேன்" என்றார்.